வாய்தா நாளும் மனு நாளும்: நீதிமன்றத்தையும் சிறையையும் களமாகக் கொள்வது பற்றி

(அயனம்பாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தாய்லாந்து நீதிமன்றங்களிலும் சிறைகளிலும் நடக்கும் மானுடவியல் கள ஆய்வைப் பற்றிப் பேசும்படி அழைத்தார்கள். பேசுகிறேன். ஆனால் அயனம்பாக்கத்தில் நின்றுகொண்டு சியாங் மாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஊரை ஒட்டிப் போகும் பைபாஸில் வடக்கே போனால் புழல். மதுரவாயலில் இறங்கி மேற்கே திரும்பினால் பூந்தமல்லி. ஒரு பக்கம் மத்திய சிறை, இன்னொரு பக்கம் நீதிமன்றம். ஜன்னலில் கம்பிவலை அடித்த போலீஸ் வேன்கள் ஓடும் சாலைகளுக்கு நடுவில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதனால் தாய்லாந்து வழியாகப் பூந்தமல்லிக்கும் புழலுக்கும் வந்து சேர்வதாகத் திட்டம்.

நீதிமன்றம் தீர்ப்போடு முடிகிறது, சிறை மதிலோடு முடிகிறது என்று எண்ணிக்கொண்டு களத்துக்குப் போகிறவருக்குப் பாதிக்கு மேல் கண்ணில் படாமலே போய்விடும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சட்டம் எங்கள் துறையின் பழைய சொத்து. 1926-இல் மாலினோவ்ஸ்கி டிரோபிரியாண்ட் தீவுகளில் குற்றமும் வழக்காறும் பற்றி எழுதிய சிறு நூலில் ஒரு சம்பவம் வருகிறது. முறையல்லாத உறவில் இருந்த ஓர் இளைஞன் தென்னை மரத்திலிருந்து குதித்து உயிரை விடுகிறான். அந்த உறவு ஊருக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. போட்டிக்காரன் ஒருவன் அதை ஊரறியக் கத்திச் சொன்ன பிறகுதான் விதி விழித்துக்கொண்டது. விதி இருப்பது ஒன்று, அதை யார் எப்போது எடுத்து வீசுகிறார் என்பது வேறொன்று. 1955-இல் மாக்ஸ் கிளக்மன் ஆப்பிரிக்காவின் பரோட்சே நீதிமன்றங்களில் உட்கார்ந்து நீதிபதிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று எழுதினார். 1959-இல் பெர்னார்ட் கோன் உத்தரப்பிரதேசத்துக் கிராமத்தை வைத்துச் சொன்னது இங்கே பலருக்கும் சொந்த அனுபவமாக இருக்கும். ஊரில் பல தலைமுறையாக ஓடும் பகையிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டியெடுத்து, ‘இதில் யார் சரி’ என்று ஆங்கிலேயர் கொண்டுவந்த நீதிமன்றம் கேட்கிறது. வந்தவர்களோ பகையைத் தொடரவே வந்திருக்கிறார்கள். வழக்கு முடிந்துவிட்டால் அவர்களுக்கு அடுத்த ஆயுதம் தேட வேண்டியிருக்கும்.

தாய்லாந்துக்கு வருவோம். டேவிட் எங்கல் மானுடவியலாளர் அல்லர், சட்டப் பேராசிரியர். ஆனால் கையாண்ட முறை நம்முடையது. சியாங் மாய் மாகாண நீதிமன்றத்தைப் பற்றி 1978-இல் ஒரு நூல் எழுதினார். பின்னர் தாய்லாந்தில் பிறந்த தம் மனைவி ஜாருவான் எங்கலோடு சேர்ந்து, 2010-இல் காயமும் கர்மமும் நீதிமன்றமும் பற்றி இன்னொரு நூல். அதற்காக நீதிமன்ற ஆவணங்களைப் புரட்டியதோடு நிற்காமல், விபத்தில் அடிபட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தேடிப் போய் நெடுநேரம் பேசினார்கள். ‘ஏன் வழக்குப் போடவில்லை?’ என்பதுதான் கேள்வி.

பழைய நாளில் ஒருவருக்கு அடிபட்டால் அது அந்த ஊரின் காவல் தெய்வங்களையும் புண்படுத்தியதாகக் கருதப்பட்டது. அடித்தவர் தரப்பு சடங்குக்கும் செலவுக்கும் கொடுத்தாக வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு ஆட்கள் பிழைப்புக்காக நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். அடிபட்டது முகம் தெரியாத சாலையில். அங்கே அவர்களுக்குத் தெய்வமும் இல்லை, பெரியவரும் இல்லை. ஊர் விட்டுப்போன இடத்தை நீதிமன்றம் வந்து நிரப்பும் என்றுதான் நவீனமாதல் பற்றிய பாடப்புத்தகங்கள் சொல்லும். எங்கல் தம்பதி கண்டது வேறு. போன பிறவிக் கர்மம், மன்னித்துவிட்டால் சுமை இறங்கும் என்று அடிபட்டவர்கள் சொன்னார்கள். வழக்கு மன்றம் அவர்கள் எண்ணத்தில்கூட எழவில்லை.

அழகான ஆய்வு. ஆனாலும் இதைப் படித்துவிட்டுப் ‘பௌத்தர்கள் மன்னிக்கிறார்கள்’ என்று முடிவு கட்டுகிறவரைப் பூந்தமல்லிக்குக் கூட்டிவந்து மோட்டார் வாகன விபத்து வழக்குகள் நடக்கும் மன்றத்தின் வாசலில் நிறுத்தலாம். தலையெழுத்து என்று நாமும்தான் சொல்கிறோம். சொல்லிக்கொண்டே எம்.சி.ஓ.பி. எனும் இழப்பீட்டு மனுவும் போடுகிறோம். பைபாஸில் மகனைப் பறிகொடுத்த தாய் ‘அவன் விதி அவ்வளவுதான்’ என்று அழுவார். அதே மூச்சில் ‘கிளெய்ம் எப்ப வரும் சார்’ என்று குமாஸ்தாவைக் கேட்பார். இரண்டுக்கும் அவருக்குள் மோதல் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தனித் தீர்ப்பாயம் தந்திருக்கிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம் என்பதால், பணம் கொடுக்கக்கூடிய எதிர்மனுதாரர் ஒருவர் பெரும்பாலும் இருக்கிறார். முன்பணம் வாங்காமல் வழக்கை எடுத்து, தொகை வந்த பின் கட்டணம் பெறும் வழக்கறிஞரும் உண்டு. தாய்லாந்திலும் கட்டாயக் காப்பீடு இருக்கிறது. அது கொடுக்கும் சிறு தொகைக்கு மேலே போவது பெரும்பாலும் காவல் நிலையத்தில் நடக்கும் பேரத்தில் முடிகிறது. ஆக, இரண்டு நாட்டு மனங்களை ஒப்பிடும் முன் இரண்டு நாட்டுக் குமாஸ்தாக்களை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. மதத்தைக் காரணமாகச் சொல்வது ஆய்வாளருக்குச் சுலபம். அலுவலகப் படிகளை ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் சிரமம்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இங்கே மானுடவியல் காவல்துறையின் அருகில் பிறந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்ற ஏழு தொகுதி நூலை 1909-இல் கே. ரங்காச்சாரியோடு வெளியிட்டவர். மூக்கையும் மண்டையையும் அளந்த அதே கருவிகளைக் கொண்டு போலீஸ் அதிகாரிகளுக்கும் அவர் வகுப்பு எடுத்தார். அடுத்து 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். பிறமலைக் கள்ளர் ஊர்களில் ஆண்கள் பெயர் பதிந்து, ரேகை வைத்து, இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-இல்தான் இந்த மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. பின்னாளில் ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் தங்கி எழுதிய நூல், அந்தச் சட்டம் போன பிறகும் வயலிலும் பள்ளிக்கூடத்திலும் மனசாட்சியிலும் அது எப்படித் தங்கியிருந்தது என்று காட்டுகிறது. அளக்க வந்தவர்களின் வாரிசுகள் நாங்கள். களத்தில் எங்களை ‘எந்த ஸ்டேஷன்?’ என்று கேட்டால் கோபப்பட எங்களுக்கு உரிமை இல்லை.

பூந்தமல்லி நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். காலையில் டவாலி பெயர் கூப்பிடும் குரல். வராந்தாவில் ஆறு மாதக் குழந்தையோடு ஒரு பெண். புழலிலிருந்து வேன் வந்துவிட்டதா என்று மரத்தடியில் விசாரிப்புகள். வழிக்காவலுக்கு ஆள் இல்லையென்றால் கைதி வரமாட்டார். கைதி வராவிட்டால் வாய்தா. சாட்சி வரவில்லை, வாய்தா. வக்கீல் ஹைகோர்ட்டில் இருக்கிறார், வாய்தா. உள்ளே ஒரு வழக்குக்கு இரண்டு நிமிடம் போனால் அதிகம். அந்த இரண்டு நிமிடத்துக்காக வெளியே நாள் முழுதும் காத்திருப்பவர்கள்தான் என் பார்வையில் நீதிமன்றச் சமூகம். மால்கம் ஃபீலி என்பவர் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்துக் கீழமை நீதிமன்றத்தை ஆராய்ந்து 1979-இல் ஒரு நூல் எழுதினார்: சின்ன வழக்குகளில் நடைமுறையே தண்டனையாகிவிடுகிறது, கடைசியில் வரும் அபராதம் அதற்கு முன் ஒன்றுமில்லை என்பது அவர் கண்டது. இங்கே அந்தச் சின்ன வழக்கு என்ற தகுதிகூடத் தேவைப்படுவதில்லை.

ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அதோடு பெரும்பாலும் ஒரு நிபந்தனை: தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து. ‘கண்டிஷன் பெயில்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு 10.30 மணி என்றால் அரை நாள் இல்லை, முழு நாளே போச்சு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பதினொன்றரைக்கு வருகிறவனை எந்த மேஸ்திரி சேர்த்துக்கொள்வார்? கைரேகைச் சட்டத்தில் ராத்திரி போய்ப் படுத்தார்கள்; இதில் பகலில் போய் நிற்கிறார்கள். சட்டங்களின் நோக்கம் வேறு வேறு என்று வழக்கறிஞர் நண்பர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆளின் அன்றாடம் எந்த நோக்கத்தையும் படித்துப் பார்ப்பதில்லை.

நீதிமன்ற அறைக்குள் நடப்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதற்கு மிகப் பெரிய உதாரணம் இருக்கிறது. டானியேலா பெர்த்தி என்ற மானுடவியலாளர் இமாச்சலப் பிரதேசத்துக் குற்றவியல் நீதிமன்றங்களில் உட்கார்ந்து, சாட்சி சொல்வது எப்படி வாக்குமூலமாகிறது என்று கவனித்தார். கேள்வியும் பதிலுமாக நடப்பது, நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சாகும்போது கேள்விகள் மறைந்து, சாட்சி தானாகச் சொன்ன கதைபோல் ஆகிவிடுகிறது. நம் வாக்குமூலங்களில் வரிக்கு வரி வரும் ‘...என்று சொன்னால் அது சரியல்ல’ என்ற வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வீசிய குற்றச்சாட்டு முழுதும் சாட்சியின் வாயிலிருந்தே வந்ததாக அதில் உட்கார்ந்திருக்கும்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான் நடந்தது. தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டப்படி மூடிய அறை விசாரணை. 1998 ஜனவரி 28-ஆம் நாள் 26 பேருக்கும் மரண தண்டனை. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள் தண்டனையாக்கியது, 19 பேரை விடுவித்தது. அந்த நால்வரில் ஒருவர், 1991 ஜூனில் 19 வயதில் கைதான பேரறிவாளன். பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக அவர் தந்த வாக்குமூலம் முக்கியச் சான்றானது. அதைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி ஓய்வு பெற்ற பின், 2013-இல், அந்தப் பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு வாக்கியம் தாளில் ஏறவில்லை. 2022 மே 18-இல் அவர் விடுதலையானார்.

அந்த முப்பத்தொரு ஆண்டுகளில் அவருடைய தாய் அற்புதம்மாள் ஜோலார்பேட்டையிலிருந்து சிறை வாசல்களுக்கு நடந்த நடையை நாடறியும். அவர் பெயர் செய்தித்தாளில் வந்தது. பெயர் வராத ஆயிரம் பேர் அதே வாசல்களில் நிற்கிறார்கள். மனு நாள் என்றால் விடியலில் கிளம்ப வேண்டும். உள்ளே இருப்பவரைப் பார்க்க விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைத்தான் ‘மனு போடுவது’ என்கிறோம். 1837-இல் கட்டிய பழைய மத்திய சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தாலும் ரயிலை விட்டு இறங்கி நடந்துவிடலாம். 2006-இல் சிறை புழலுக்குப் போனது. 2009-இல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். கைதிகளுக்குப் புதுக் கட்டடத்தில் காற்றும் இடமும் கூடியிருக்கலாம். குடும்பங்களுக்குப் பேருந்துச் செலவு கூடியது. இந்தக் கணக்கு எந்தச் சிறை அறிக்கையிலும் வராது.

நாடு முழுவதும் எத்தனை குடும்பம் என்று பாருங்கள். 2022-ஆம் ஆண்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் குற்றவாளி என்று யாரும் சொல்லாதவர்கள். இங்கே குண்டாஸ் தனி. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டப்படி விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

சிறைக்குள் ஆய்வாளர் போவது கடினம். போனவர்கள் சிலர். மஹுயா பந்தோபாத்யாய் கொல்கத்தாவில் மத்திய சிறை ஒன்றில் களப்பணி செய்து 2010-இல் நூலாக்கினார். கைதிகள் அந்தச் சுவர்களுக்குள்ளேயே ஓர் அன்றாட வாழ்க்கையைக் கட்டி எழுப்புவதையும், வார்டர்களுக்கும் அவர்களுக்கும் நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் அதில் பார்க்கலாம். ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் போர்ச்சுகலின் மனுவேலா குன்யா. ஒரே பெண்கள் சிறையில் 1987-இலும் 1997-இலும் களப்பணி செய்தார். முதல் முறை, வெளியுலகத் தொடர்பு அறுந்த தனித்தனிப் பெண்கள். பத்து ஆண்டு கழித்துப் போனால், போதைப்பொருள் வழக்குகளால் ஒரே குடியிருப்பிலிருந்து அம்மா, மகள், அத்தை, பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரும் உள்ளே. பேட்டையே மதிலுக்குள் குடிவந்திருந்தது. தாய்லாந்திலும் சிறைகளை நிரப்பியிருப்பது பெருமளவு மெத்தாம்பெட்டமைன் வழக்குகள்தான். பெண் கைதிகளை நடத்துவது பற்றி ஐ.நா. 2010-இல் ஏற்ற விதிகளுக்குப் பாங்காக் விதிகள் என்று பெயர் வந்ததும் அந்த நாடு எடுத்த முயற்சியால்தான்.

நம் சிறைக்குள் எது குடிவந்தது? சாதி. சொல்லப்போனால் அது வெளியே போகவே இல்லை. பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைத் தனித்தனிப் பிளாக்குகளில் வைத்தார்கள். மோதல் வராமல் தடுக்கத்தான் என்றது அரசு. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா பல மாநிலச் சிறைகளைப் பற்றி 2020-இல் எழுதிய புலனாய்வுக் கட்டுரை வழக்கானது. 2024 அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம், சாதிப்படி வேலை கொடுப்பதும் சாதிப்படி பிரித்து வைப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. குற்றப் பரம்பரை முத்திரையின் மிச்சங்களையும் சிறை விதிகளிலிருந்து எடுக்கச் சொன்னது. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே நீக்கவும் உத்தரவிட்டது.

தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால் ஆய்வாளனாக எனக்கொரு சங்கடம். இதுவரை பதிவேட்டைப் பார்த்தால் தெரியும். இனி கட்டம் இருக்காது. பிளாக் பிரிப்பு மட்டும் வேறு பெயரில், ‘பாதுகாப்புக் காரணம்’ என்றோ ‘ஊர்வாரி’ என்றோ, தொடர்ந்தால் காகிதத்தில் அது தெரியாது. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார், கழிப்பறையை யார் கழுவுகிறார் என்று நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். தீர்ப்பு நிறைவேறியதா என்று சரிபார்க்கச் சிறைக் கதவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதைத் தவிர அரசுக்கு வேறு நேர்மையான வழி இல்லை.

கதவு திறக்காத காலத்தில் கைதிகளே எழுதினார்கள். 1921-22-இல் வேலூர்ச் சிறையில் ராஜாஜி எழுதிய நாட்குறிப்பு உண்டு. மரண தண்டனை விதிக்கப்பட்ட சி.ஏ. பாலனின் ‘தூக்குமர நிழலில்’ உண்டு. தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ உண்டு. ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ குண்டூர் காவல் நிலையத்தைச் சொல்கிறது. அதுவே ‘விசாரணை’ படமானது. நெருக்கடி நிலையில் சென்னை மத்திய சிறையில் நடந்த அடிதடிகளை இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. இவற்றை இலக்கியம் என்றும் அரசியல் என்றும் அலமாரியில் பிரித்து வைத்துவிட்டோம். என் மாணவர்களுக்கு நான் சமூகவியலாளர் கோஃப்மனுக்கு முன்னால் இவற்றைத்தான் கொடுக்கிறேன். ஒரு குறை மட்டும் உண்டு: பெரும்பாலும் அரசியல் கைதிகளின் அல்லது எழுதத் துணிந்த ஆண்களின் குரல். செயின் பறிப்புக்கு உள்ளே போன பையனின் அக்கா இவற்றில் எங்கும் பேசுவதில்லை.

அவரைத் தேட வேண்டிய இடங்கள் மனு வரிசையும் நீதிமன்ற வராந்தாவும். அந்த வராந்தா இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. காவல் நீட்டிப்பைக் காணொலியில் நடத்துவது புதிதல்ல; கொரோனாவுக்குப் பின் அது கூடியது; 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதற்கு இன்னும் இடம் தருகிறது. வழிக்காவல் தேவையில்லை, டீசல் மிச்சம், தப்பியோடும் பயமில்லை என்று நிர்வாகம் சொல்லும் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் வாய்தா நாளுக்கு இன்னொரு பயனும் இருந்தது. வேனிலிருந்து இறங்கி அறைக்குப் போகும் இருபதடியில் அக்கா தம்பியைப் பார்ப்பாள்; ஏட்டு நல்லவராக இருந்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட் கைமாறும்; வக்கீல் ‘இந்த மாசம் பெயில் மூவ் பண்றேன்’ என்று அவன் காதில் போடுவார்; உடம்பில் அடிபட்ட தடம் இருக்கிறதா என்று அம்மா கண்ணாலேயே தடவிப் பார்த்துவிடுவாள். சட்டம் இதை எங்கும் உரிமை என்று எழுதிவைக்கவில்லை. எழுதாததால் பறித்ததாகவும் யாரும் சொல்ல முடியாது.

காணொலி வந்த பிறகு புழல் வாசலில் மனுக்கள் கூடினவா? நீதிபதியின் முன் திரையில் தெரியும் முகத்தில் காயம் தெரிகிறதா? கைதி வாய் திறந்து புகார் சொல்லும்போது அவன் பக்கத்தில் நிற்பவர் யார்? இந்த மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு யாராவது இரண்டு ஆண்டு பூந்தமல்லிக்கும் புழலுக்கும் நடந்தால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். இந்த அரங்கிலிருந்து இரண்டுக்குமே பஸ் இருக்கிறது.